சுவர் முழுக்கப் பெயர்கள்! - பிராக் நகரின் யூதர் பகுதியில் ஒரு நாள் நடை

செக் குடியரசின் தலைநகர் பிராக்கில் ஒரு கடிகாரம் தலைகீழாக ஓடுகிறது. யூதர்களின் பழைய நகர மன்றக் கட்டடத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்களில், மேலே இருப்பதில் ரோமன் எண்கள். அது நம் வீட்டுக் கடிகாரம்போலத்தான் சுற்றும். கீழே இருப்பதில் எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்துகள். ஹீப்ரு வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. அதனால் அந்தக் கடிகாரத்தின் முட்களும் எதிர்த்திசையில் நகர்கின்றன.

பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். வழிகாட்டியோடு வருபவர்கள் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கிறார்கள். ஒரு நகரத்துக்குள் யூதர்களுக்கு மட்டும் ஏன் தனி நகர மன்றம்? அதில் கூடிப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பலர் இங்கே வருகிறார்கள். தாத்தா பாட்டியின் ஊரைத் தேடி வருபவர்களும் அவர்களில் உண்டு.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான், மகள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள் என்று ஐரோப்பாவுக்குப் போய்வரும் நம்மூர்ப் பெற்றோர்களின் பட்டியலிலும் இப்போது பிராக் இருக்கிறது. பாலம், கோட்டை, பழைய நகரச் சதுக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், யூதர் பகுதிக்கென ஒரு முழு நாளை ஒதுக்கலாம். அந்த நாளை எப்படிப் பயன்படுத்துவது, வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கலாம்.

பளபளக்கும் தெருவும் காணாமல்போன சந்துகளும்

பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் யோசெஃபோவ் வந்துவிடும். அதுதான் யூதர் பகுதி. 'பழைமையான குறுகிய சந்துகளைப் பார்க்கப் போகிறோம்' என்ற எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது குழப்பம். எதிரே தெரிவதோ உயர்ந்த, அலங்காரமான அடுக்குமாடிக் கட்டடங்கள். விலையுயர்ந்த கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் விற்கும் கடைகள். அந்தத் தெருவின் பெயரே 'பாரிஸ் தெரு'. 'வழி தவறி வந்துவிட்டோமோ?' என்று தோன்றும்.

வழி தவறவில்லை. 965-ம் ஆண்டு வாக்கில் இங்கு வந்த இப்ராஹிம் இப்ன் யாகூப் என்ற பயணி, பிராக்கில் யூத வணிகர்கள் இருந்ததை எழுதிவைத்திருக்கிறார். காலப்போக்கில் அவர்கள் மதிலுக்குள் தனிக் குடியிருப்பில் அடைக்கப்பட்டார்கள். 1389-ல் ஈஸ்டர் சமயத்தில் பெரும் படுகொலை நடந்தது. 1744-ல் பேரரசி மரியா தெரசா, யூதர்கள் அனைவரும் பிராக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். 1748-ல்தான் திரும்பிவர முடிந்தது. அவர் மகன் இரண்டாம் ஜோசப் காலத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 'யோசெஃபோவ்' என்ற பெயர் அவர் நினைவாக வந்ததுதான்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் சம உரிமை கிடைத்ததும், வசதியுள்ளவர்கள் நகரின் மற்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஏழைகள் மட்டும் நெரிசலில் மிஞ்சினார்கள். 1893-ல் சுகாதாரச் சீரமைப்புச் சட்டம் வந்தது. வீடுகளும் சந்துகளும் இடித்துத் தள்ளப்பட்டு, இன்றைய அகலமான தெருக்கள் எழுந்தன. தப்பியவை ஆறு சினகாக்குகள் (யூதர்களின் வழிபாட்டு இடங்கள்), நகர மன்றம், ஓர் இடுகாடு, இவ்வளவுதான்.

ஆக, இங்கே நீங்கள் பார்ப்பது ஊரில் எஞ்சிய சில துண்டுகளை. துண்டுகளைச் சேர்த்துக் காட்ட ஒருவர் உடன் வந்தால்தான் முழுப் படமும் தெரியும்.

750 ஆண்டுகளாக வழிபாடு

காலை நடையை 'பழைய-புதிய சினகாக்'கில் தொடங்குவது நல்லது. பெயரே விசித்திரம். கட்டியபோது அது 'புதியது'. பின்னாளில் வேறு புதிய சினகாக்குகள் வந்ததால் 'பழைய-புதிய' ஆகிவிட்டது என்கிறார்கள். சுமார் 1270-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கட்டடம், ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் சினகாக்குகளில் மிகப் பழைமையானது. வெளியே தெரு மட்டம் உயர்ந்துவிட்டதால், உள்ளே செல்லப் படி இறங்க வேண்டும். கூடத்தின் நடுவே இரண்டு தூண்கள். பக்கச் சுவரில் குறுகலான துளைகள். பெண்கள் அடுத்த அறையில் அமர்ந்து, அந்தத் துளைகள் வழியாக வழிபாட்டைக் கேட்பார்கள்.

ஆண்கள் தலையை மூடித்தான் உள்ளே நுழைய வேண்டும். தொப்பி இல்லாவிட்டால் கவலை வேண்டாம், வாசலிலேயே சிறிய குல்லா தருவார்கள். கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போவதைப் போல, அவர்கள் முறை இது.

'இது அருங்காட்சியகம் அல்ல, எங்கள் வழிபாட்டு இடம்' என்பதை நல்ல வழிகாட்டிகள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பிராக்கில் இன்றும் யூத சமூகம் இருக்கிறது, சிறியதாக. 'ஒரு காலத்தில் யூதர்கள் என்று ஒரு மக்கள் இருந்தார்கள்' என்ற தொனியில் யாராவது விளக்கினால், அவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார் என்று பொருள்.

இடம் போதாத இடுகாடு

அடுத்து பழைய இடுகாடு. இருப்பதிலேயே பழைய கல்லறைக் கல் 1439-ம் ஆண்டினது. ரப்பியும் (யூத மதகுரு) கவிஞருமான அவிக்தோர் காராவுடையது. 1389 படுகொலையில் உயிர் தப்பி, அதைப் பற்றி இரங்கற்பா எழுதியவர் அவர். கடைசி அடக்கம் நடந்தது 1787-ல். இடையில் கிட்டத்தட்ட மூன்றரை நூற்றாண்டுகள்.

இத்தனை காலமும் யூதர்களுக்கு இந்த இடம்தான். விரிவாக்க நிலம் போதவில்லை. யூத மரபில் புதைத்த உடலைத் தோண்டி எடுக்கக் கூடாது. என்ன செய்வது? பழைய கல்லறைகளின் மேல் மண்ணைக் கொட்டி, அதன் மேல் அடுத்த அடுக்கு. கீழே இருந்தவர்களின் கல்லையும் மேலே தூக்கி நட்டார்கள். இப்படியே அடுக்கடுக்காக உயர்ந்து, சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பார்க்க, கூட்டநெரிசலில் தோளோடு தோள் இடித்து நிற்கும் மனிதர்கள் மாதிரியே இருக்கும்.

கற்களில் மனித உருவங்கள் அபூர்வம், அடையாளச் சின்னங்களே அதிகம். ஆசி வழங்கும் இரு கைகள் இருந்தால் பழைய ஜெருசலேம் ஆலயக் குருக்களின் வம்சம். நீர்க்குடம் என்றால் லேவியர் வம்சம், அதாவது குருக்களுக்குக் கை கழுவ நீர் ஊற்றியவர்கள். கத்தரிக்கோல் இருந்தால் தையல்காரர். தாவீது கான்ஸ் என்ற வானியலாளரின் கல்லில் நட்சத்திரமும் ஒரு வாத்தும். நட்சத்திரம் அவர் நூலின் பெயரையும் ஆர்வத்தையும் குறிக்கிறது. வாத்து எதற்கு? 'கான்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் வாத்து! டைக்கோ பிராஹே, கெப்ளர் போன்ற பெரும் வானியலாளர்களோடு பழகியவர் அவர். வழிகாட்டி இல்லாமல் போனால், அந்தக் கல்லும் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று.

கல்லறைகளின் மேல் கூழாங்கற்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். யூத மரபில் கல்லறைக்குப் பூ வைப்பதைவிடக் கல் வைப்பதே வழக்கம். 'நான் வந்தேன், உன்னை நினைத்தேன்' என்பதற்கான அடையாளம் அது.

களிமண் மனிதன் கதை

அதிகக் கூழாங்கற்கள் இருப்பது ரப்பி லோவின் கல்லறையில். 1609-ல் இறந்த மாபெரும் அறிஞர். வேண்டுதல்களைக் காகிதத்தில் எழுதி, கல்லறை இடுக்கில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

கடைத்தெரு முழுவதும் குண்டுக் களிமண் பொம்மைகளைப் பார்ப்பீர்கள். 'கோலெம்' என்று பெயர். ரப்பி லோவ் ஆற்று மண்ணில் ஒரு மனிதனைச் செய்து, மந்திரத்தால் உயிர் கொடுத்து, யூதர்களைக் காவல் காக்க வைத்தார் என்பது கதை. அந்தக் களிமண் உடல் இன்னும் பழைய-புதிய சினகாக்கின் பரணில் கிடக்கிறதாம்.

குழந்தைகளுக்குப் பிடிக்கும் கதைதான். ஆனால், ரப்பி லோவ் எழுதிய நூல்களில் கோலெம் செய்ததாக எதுவும் இல்லை. அவரோடு சேர்த்து இந்தக் கதை அச்சில் வந்ததே, அவர் இறந்து 200 ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான். கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் பிரித்துச் சொல்கிறவரே நல்ல வழிகாட்டி. இந்த ஊரில் அந்த நேர்மைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஏனென்றால், அடுத்து நீங்கள் நுழையப்போகும் கட்டடத்தில் கதை எதுவும் கிடையாது. எல்லாமே நடந்தவை.

ஊர் மஞ்சளில்... குடும்பம் சிவப்பில்

இடுகாட்டை ஒட்டியிருப்பது பிங்காஸ் சினகாக். 1535-ல் கட்டப்பட்டது. உள்ளே படமோ சிலையோ இல்லை. சுவர்கள் மட்டும்தான். தரையிலிருந்து மேல்வரை பொடி எழுத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பூவேலைப்பாடு என்று தோன்றும். அருகில் போனால் அத்தனையும் பெயர்கள்!

நாஜிகளால் கொல்லப்பட்ட, பொஹிமியா, மொராவியா பகுதி யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்கள். பொன்மஞ்சளில் ஊர்ப் பெயர். சிவப்பில் குடும்பப் பெயர். கறுப்பில் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி. ஒரே சிவப்புப் பெயருக்குப் பின்னால் ஐந்தாறு கறுப்புப் பெயர்கள் வரிசையாக வந்தால், ஒரு வீடே காலியாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தச் சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1954 முதல் 1959 வரை, வாக்லாவ் போஸ்டிக், யிரி யான் என்ற இரு ஓவியர்கள் இதை உருவாக்கினார்கள். 1968-ல், நிலத்தடி நீர் ஊறி கட்டடம் பாதிக்கப்படுகிறது என்று சொல்லி மூடினார்கள். கம்யூனிஸ ஆட்சிக் காலம் அது. ஆண்டுகள் ஓடின. திறக்கவே இல்லை. எழுத்துகளும் போய்விட்டன. 1989-ல் ஆட்சி மாறிய பிறகு, 1992 தொடங்கி 1996 வரை அத்தனை பெயர்களையும் மறுபடி கையாலேயே எழுதினார்கள். ஒருமுறை மனிதர்களை அழித்தார்கள், இன்னொரு முறை பெயர்கள் அழிந்தன. இரண்டாவதை மட்டும்தான் திருத்த முடிந்தது.

வேரைத் தேடி வருபவர்களுக்கு இந்தச் சுற்றுலாவின் மையம் இந்தச் சுவர்தான். பெயர்கள் ஊர்வாரியாக, அகரவரிசையில் இருப்பதால், குடும்பப் பெயரும் ஊரும் தெரிந்தால் வழிகாட்டி தேடிக் கொடுத்துவிடுவார். கொல்லப்பட்டவர்களின் விவரங்கள் இணையத்திலும் தேடும் வசதியோடு இருக்கின்றன. முன்கூட்டியே விவரம் அனுப்பினால், வந்தவரை நேராக அந்த வரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியும். கல்லறையே இல்லாத ஒரு பாட்டிக்கு, இந்த உலகத்தில் இருக்கும் ஒரே கல்வெட்டு அந்த ஒரு வரிதான். அதன் முன்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பது நாம் செய்யக்கூடிய மரியாதை.

இரண்டு பெட்டி ஓவியங்கள்

மாடியில் குழந்தைகளின் ஓவியங்கள். பட்டாம்பூச்சி, வீடு, தோட்டம், மூன்றடுக்குக் கட்டில், வரிசையில் நிற்கும் மனிதர்கள். எல்லாம் டெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்தவை. அவர்களுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டெய்ஸ். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹாவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். முகாமுக்கு மிகக் குறைந்த சுமையே கொண்டுபோகலாம் என்ற நிலையிலும், ஓவியப் பொருள்களை எடுத்துச் சென்றவர்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் குழந்தைகளின் சுமார் 4,500 ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்டன. அவர் திரும்பி வரவில்லை. வரைந்த குழந்தைகளிலும் பெரும்பாலானோர் வரவில்லை. பெட்டிகள் வந்தன. இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தின் மிக அருமையான சேகரிப்பு அதுதான்.

அந்த அருங்காட்சியகத்தைப் பற்றியும் ஒரு விஷயம். 'அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம் அமைக்க ஹிட்லர் திட்டமிட்டார், அதனால்தான் இந்தப் பொருள்கள் தப்பின' என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். அப்படி ஒரு திட்டத்துக்கு ஆவணச் சான்று இல்லை என்பது வரலாற்றாளர்களின் கருத்து. அருங்காட்சியகம் தொடங்கியது 1906-ல், இடிக்கப்பட்ட சினகாக்குகளின் பொருள்களைக் காப்பாற்ற. 1942-ல், ஊர் ஊராக யூதர்கள் நாடு கடத்தப்பட்டபோது, 150-க்கும் மேற்பட்ட ஊர்களின் வழிபாட்டுப் பொருள்களை இங்கே கொண்டுவந்து பட்டியலிட்டவர்கள் யூத ஊழியர்கள்தான். பட்டியல் போட்ட அவர்களில் மிகப் பலரும் பின்னர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காப்பாற்றிய பெருமை அவர்களுக்கே போக வேண்டும்.

டெரெசீன்: மேக்கப் போட்ட நரகம்

பிராக்கிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஹோலெஷோவிட்ஸெ பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதே ஹோலெஷோவிட்ஸெ பகுதியில்தான் 1941 முதல் பிராக் யூதர்களை மூட்டை முடிச்சுகளோடு கூட்டிவைத்து ரயிலேற்றினார்கள். விஷயம் தெரிந்தவருடன் போனால், பயணம் தொடங்கும் இடத்திலேயே வரலாறும் தொடங்கிவிடும்.

டெரெசீன் ஒரு கோட்டை நகரம். 1780-ல் இரண்டாம் ஜோசப் கட்டத் தொடங்கி, தன் தாயின் பெயரை வைத்தார். ஆம், பிராக்கை விட்டு யூதர்களை வெளியேற்றிய அதே மரியா தெரசா! நாஜிகள் 1941 நவம்பரில் இந்த ஊரையே யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில், ஒரு கட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர். மொத்தம் 1,40,000-க்கும் அதிகமானோர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பசியாலும் நோயாலும் 33,000-க்கும் மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். சுமார் 87,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற கிழக்கு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள்.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தது. அதற்காக ஊருக்கே ஒப்பனை போட்டார்கள். வண்ணம் பூசிய முகப்புகள், பூச்செடிகள், காபிக் கடை, குழந்தைகள் விளையாடுமிடம். நெரிசல் தெரியக் கூடாது என்று, முந்தைய மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களுக்குக் குழந்தைகள் நடித்த 'புருண்டிபார்' என்ற இசை நாடகம் காட்டப்பட்டது. குழுவும் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு பிரசாரப் படமும் எடுத்தார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோரும், இயக்கிய கைதி குர்ட் கெரோனும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மனத்தைப் பிசையும் இன்னோர் இடம் ஒஹ்ரே ஆற்றங்கரை. அஸ்தியை ஆற்றில் கரைப்பது நமக்குப் புனிதச் சடங்கு. யூத மரபிலோ உடலை எரிப்பதே வழக்கமில்லை. முகாமில் இறந்தவர்களை எரித்து, 'பிறகு முறைப்படி அடக்கம் செய்யலாம்' என்று சாம்பலைப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். 1944 நவம்பரில், தடயம் இருக்கக் கூடாது என்று சுமார் 22,000 பேரின் சாம்பல் இந்த ஆற்றில் கொட்டப்பட்டது.

இன்றும் டெரெசீனில் மக்கள் வசிக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், துணி காய்கிறது. வழிகாட்டி இல்லாமல் போனால், அமைதியான ஒரு சிற்றூரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். எந்த வீட்டின் பின்னால் கைதிகள் ரகசியமாக வழிபட்ட சிற்றறை, அதன் சுவரில் இன்னும் தெரியும் ஹீப்ரு வரிகள் எங்கே என்பதெல்லாம் தெரிந்தவர் காட்டினால்தான் கண்ணில் படும்.

நிலாவை வரைந்த சிறுவன்

டெரெசீன் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம், அப்போது சிறுவர்கள் அடைக்கப்பட்டிருந்த பள்ளிக்கூடம். அங்கே ஓர் அறைச் சிறுவர்கள் 'வேடெம்' என்ற வாரப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை மாலைகளில் எல்லோரும் கூடி, அதைச் சத்தமாக வாசிப்பார்கள். கட்டுரை, கவிதை, நகைச்சுவை, முகாம் சமையலறை பற்றிய நக்கல் எல்லாம் உண்டு. அதன் ஆசிரியர் பீட்டர் கின்ஸ். 14 வயதில் பிராக்கிலிருந்து தனியாக இங்கு வந்தவன்.

பீட்டர் வரைந்த ஓர் ஓவியம்: கூரான மலைகள் நிறைந்த நிலாவில் நின்று பார்த்தால் பூமி எப்படித் தெரியும்? வேலிக்குள் இருந்த பையனின் கற்பனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். 1944-ல், 16 வயதில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான்.

2003-ல், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன், அந்த ஓவியத்தின் பிரதியைத் தன்னோடு விண்வெளிக்கு எடுத்துச் சென்றார். அவர் தாய் ஆஷ்விட்ஸில் உயிர் பிழைத்தவர். அவர் சென்ற விண்கலம் எது தெரியுமா? கொலம்பியா. நம் கல்பனா சாவ்லா பயணித்த அதே விண்கலம். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது அது சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள். பீட்டர் உயிரோடு இருந்திருந்தால், அன்று அவனுக்கு 75-வது பிறந்தநாள்.

அந்தச் செய்தியில் பீட்டரின் பெயரைக் கேட்ட பிராக்வாசி ஒருவருக்கு, தன் வீட்டில் கிடந்த பழைய நோட்டுகள் நினைவுக்கு வந்தன. அவை பீட்டரின் நாட்குறிப்புகள்! முகாமுக்குப் போகும் முன் எழுதியவை. அவன் தங்கை அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பெயர் மறுபடி உச்சரிக்கப்பட்டதால், 60 ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறுவனின் குரல் திரும்பக் கிடைத்தது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

'இலவச நடை' என்று விளம்பரம் செய்யும் குழுக்கள் நிறைய. முடிவில் விரும்பியதைத் தரலாம். அறிமுகத்துக்கு நல்லது. ஆனால், இவை பொதுவாகத் தெருவோடு முடிந்துவிடும், கட்டணம் உள்ள சினகாக்குகளுக்குள் போகாது. பிங்காஸ் சுவரைப் பார்க்காமல் யோசெஃபோவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. எனவே முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

* உள்ளே வருவீர்களா, வாசலோடு சரியா? நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா?
* குழுவில் எத்தனை பேர்? முப்பது பேர் குழுவில், இடுகாட்டின் குறுகிய பாதையில், கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது.
* டெரெசீனில் எவ்வளவு நேரம்? சிறு கோட்டையை மட்டும் காட்டித் திரும்பும் பயணங்கள் உண்டு. அது முக்கியமாக அரசியல் கைதிகள் இருந்த சிறை. யூதர்கள் அடைக்கப்பட்ட ஊர் சற்றுத் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

காலையில் யோசெஃபோவ், மதியம் டெரெசீன் என்று ஒரே நாளில் முடித்துத் தரும் பயணங்களும் இருக்கின்றன. வேறு வழியே இல்லாவிட்டால் சரி. இரண்டு நாள் கிடைத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். பிங்காஸ் சுவரைப் பார்த்த மனசுக்கு ஓர் இரவு இடைவெளி தேவை.

நேரம் மிஞ்சினால், எழுத்தாளர் காஃப்காவின் கல்லறை இருக்கும் புதிய யூத இடுகாட்டுக்குப் போகலாம். முகாம்களில் உயிரிழந்த அவருடைய மூன்று தங்கைகளுக்கும் அங்கே ஒரு நினைவுப் பலகை உண்டு. கடைசித் தங்கை ஓட்லா, டெரெசீனிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாகத் தானே முன்வந்து போனவர். பிராக் மத்திய ரயில் நிலையத்தில், 1939-ல் 669 குழந்தைகளை லண்டனுக்கு ரயிலேற்றிக் காப்பாற்றிய நிக்கோலஸ் வின்டனின் சிலை இருக்கிறது. கனத்த நாளை அங்கே முடிப்பது ஆறுதல்.

கிளம்பும் முன்...

* சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். யோசெஃபோவ் அருங்காட்சியக இடங்கள் சனியன்றும் யூதப் பண்டிகைகளன்றும் மூடியிருக்கும். டெரெசீன் அருங்காட்சியகம் பொதுவாகச் சனியன்றும் திறந்திருக்கும். பயண நாளை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.
* செக் குடியரசு ஷெங்கன் நாடு. ஜெர்மனி, நெதர்லாந்துக்கு எடுத்த ஷெங்கன் விசா செல்லும். பணம் மட்டும் யூரோ அல்ல, கொருனா.
* சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: யூதர்களின் 'கோஷர்' உணவு முறையில் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. 'பால் உணவு' என்று குறிப்பிட்ட கோஷர் பண்டங்களில் இறைச்சி இருக்காது. மீன் இருக்கலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு யோசெஃபோவ் போதும். டெரெசீனுக்கு இன்னும் கொஞ்சம் வளரட்டும்.
* முகாமிலும் பெயர்ச் சுவர் முன்பும் சிரித்தபடி செல்ஃபி வேண்டாம்.

பிராக் தூரமா? கொச்சி பக்கம்தான்!

பிராக் இப்போதைக்கு முடியாது என்றால், ஓர் இரவுப் பயணத்தில் மட்டாஞ்சேரி. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக், அதன் தரையில் கையால் வரைந்த நீலச் சீன ஓடுகள், ஹீப்ரு எண்கள் கொண்ட மணிக்கூண்டுக் கடிகாரம் எல்லாம் அங்கே உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு, தமிழர்களும் எழுதிய வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் உருவான பிறகு அங்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பாட்டி வீட்டைப் பார்க்க இப்போது பயணிகளாக வருகிறார்கள். வெள்ளி, சனி தவிர்த்துப் போங்கள். பரவூர், சேந்தமங்கலம் சினகாக்குகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு முழு நாள்.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கொச்சியிலிருந்து போனவர்கள், தாங்களாகவே விடைபெற்றுப் போனார்கள். பிராக்கிலிருந்து போனவர்களுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை. எனவே, பிங்காஸ் சினகாக்கில் நிற்கும்போது 80,000 என்ற எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஏதாவது ஒரு சிவப்புப் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதைத் தொடரும் கறுப்புப் பெயர்களை மெதுவாக, முழுவதுமாக வாசியுங்கள். பிறந்த தேதியைப் பார்த்து வயதைக் கணக்குப் போடுங்கள். வழிகாட்டியிடம் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவ்வளவு தூரம் பயணம் செய்து போனதற்கு அது போதும்.